ஐந்தரை மணிக்குப் பிறகு: திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமார்களுக்கு வணக்கம்.

திருப்பூருக்கு நான் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கல்யாணமான மூன்றாம் மாதம், தேனிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடு பழைய பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினோம். டைலருக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குச் சேர்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா கிடந்த மிஷினில் உட்கார்ந்து ஓவர்லாக் பழகினேன். பிறகு பேட்லாக், அதன்பிறகு சிங்கர். கை வேகம் வந்ததும் கழுத்து வைக்கிற வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது நான்கு வருடமாக லைன் சூப்பர்வைசர். என் லைனில் முப்பத்திரண்டு மிஷின். அதில் இருபத்தாறு பேர் பெண்கள். அவர்களில் கல்யாணமாகாதவர்கள் நான்கே பேர்.

இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பயம் ஒரு காரணம். இன்னொன்று, நான் குறை சொல்லப்போகிற காரியத்தைத் தினமும் செய்வது என்னுடைய வாய்தான். சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு மேனேஜர் என்னிடம் வந்து சொல்வதை லைனுக்குள் நடந்து போய் நான்தான் சொல்கிறேன்: "இன்னிக்கு ஒன்றரைம்மா."

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வெளியூர்க்காரர்கள் யாராவது படிக்கக்கூடும். காலை எட்டரைக்கு ஏறினால் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். அதற்கு மேல் எட்டரை வரை இழுத்தால் அது அரை ஷிப்ட். இரண்டும் சேர்ந்தால் ஒன்றரை. ஷிப்மென்ட் நெருங்கினால் அது இன்னும் நீளும். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஒரு ஊரிலிருந்து போகிறது என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறீர்கள். எங்களுக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் அதில் எவ்வளவு இந்த அரை ஷிப்ட்டில் தைத்தது என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நான் ஒன்றரை என்று சொன்னவுடனே லைனில் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? மிஷின் எதுவும் நிற்காது. யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஒருத்தி தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பாள். போன் எல்லாம் வாசலில் பெட்டிக்குள் இருக்கிறது, அதை எடுக்க அனுமதி கேட்கும் பார்வை அது. டீ நேரத்தில் பத்து நிமிடம் விடுவேன். மாடிப்படியில் வரிசையாக நின்று பேசுவார்கள். "அக்கா, பாப்பாவை இன்னுங் கொஞ்ச நேரம் பாத்துக்கங்க்கா, ஒன்றரை சொல்லிட்டாங்க." "கேஸ் பத்த வெக்காத சாமி, நான் வந்து ஆக்கித் தர்றேன், பிஸ்கெட் சாப்புட்டு இரு." "கதவை உள்ளுக்குள்ள தாப்பாப் போட்டுக்க. யார் கூப்பிட்டாலும் தொறக்காத." கடைசியாகச் சொன்னது ஒன்பது வயதுப் பெண்பிள்ளைக்கு. அந்தப் படிக்கட்டில் நின்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கத் தோன்றும் எனக்கு.

போன வருடம் ஐப்பசி. மழை நேரம். எங்கள் லைனில் ஓவர்லாக் ஓட்டும் ஒரு பெண், குழந்தைக்கு ஏழு மாதம். அவளுக்கு மாமியார் இல்லை, அம்மா ஊரில். குழந்தையை லைன் வீட்டில் பக்கத்துக் குடித்தனத்துப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருவாள். அன்றைக்கு ஒன்றரை. ஆறரை மணி இருக்கும், அவள் மிஷினிலிருந்து எழுந்து பாத்ரூம் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. பீஸ் அடைத்துக்கொண்டு நின்றது. திட்டலாம் என்றுதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். கதவைத் தட்டினேன், திறந்தாள். பால் கட்டிக்கொண்டு சுடிதார் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பாலைப் பீய்ச்சித் தண்ணீர் போகிற ஓட்டையில் விட்டுக்கொண்டிருந்தாள். "காய்ச்சல் வர்ற மாதிரி இருக்குக்கா, ரெண்டே நிமிசம் வந்துர்றேன்" என்றாள். அழவில்லை. நான்தான் வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அவள் மிஷினில் நானே உட்கார்ந்து தைத்தேன். ஏழு மாதப் பிள்ளை அந்த நேரம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பாத்ரூமிலிருந்து நாற்பது அடி தூரத்தில் ஒரு அறை இருக்கிறது. கதவில் குழந்தைகள் காப்பகம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. சுவரில் சோட்டா பீம் படம். மூன்று தொட்டில். அதில் ஒன்றின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. ஒரு மர யானை, ஒரு பந்து. பையர், அதாவது எங்கள் துணியை வாங்குகிற கம்பெனி, தரப்பில் ஆடிட் வருகிற நாளில் அந்த அறையைக் கூட்டித் துடைத்து, ஊதுபத்தி ஏற்றி, பக்கத்து வீடுகளிலிருந்து நான்கு பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார வைப்போம். ஒரு முறை என் மகனும் போய் உட்கார்ந்தான். ஆடிட் முடிந்ததும் பிஸ்கெட் பாக்கெட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அம்மா, அந்த யானை ரூமுக்கு மறுபடி எப்ப போலாம்?" என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாக் கம்பெனியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நல்லபடியாக நடத்துகிற இடங்கள் இருக்கின்றன, அங்கே வேலை கிடைத்தால் பெண்கள் நகர மாட்டார்கள். ஆனால் நான் வேலை பார்த்த மூன்று கம்பெனிகளில் இரண்டில் அந்த அறைக்குப் பூட்டுத்தான் போட்டிருந்தது.

சட்டம் உங்களுக்குப் புதிதில்லை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது, 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடத்தில் காப்பகம் கட்டாயமானது, தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் எழுதினார்கள். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை என்பது 1961-இல் வந்த மூலச் சட்டத்திலேயே இருக்கிறது. 2025 நவம்பரில் பழைய தொழிலாளர் சட்டங்களை எல்லாம் நான்கு தொகுப்பாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். காப்பகம் அதிலும் இருக்கிறது. பெயர் எத்தனை மாறினாலும் அந்த அறையை யாரும் எடுத்துவிடவில்லை.

பேறுகால விடுப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிற தொழிலாளிக்கு அந்த 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கழகம்தான் தருகிறது, உங்கள் கையிலிருந்து போவதில்லை. எங்கள் சம்பளத்தில் முக்கால் சதவீதமும் உங்கள் பங்காக மூன்றேகால் சதவீதமும் மாதாமாதம் அதற்காகத்தானே கட்டுகிறோம்? இருந்தும் வயிறு தெரிய ஆரம்பித்ததும், "நீ வீட்டுல இரும்மா, கொழந்தை பொறந்த பெறகு வா" என்று கணக்கு முடித்து அனுப்புவது நடக்கிறது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் எழுபது நாள் சந்தா இருந்தால் போதும் என்று தெரியாமலேயே பல பெண்கள் போய்விடுகிறார்கள். பவர் டேபிள் என்கிற சின்னத் தையல் பட்டறையில் வேலை பார்க்கிறவளுக்கு இ.எஸ்.ஐ. அட்டையே கிடையாது, அவள் கதையைத் தொடங்கினால் இந்த மடல் முடியாது.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது நாடே கொதித்தது. சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 1923 மே மாதம் முதல் தேதி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொடியேற்றி மே தினம் கொண்டாடி நூறு வருடம் நிறைந்த நாள் அது. டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது மணி ராத்திரி ஒன்பதே கால். அப்போதுதான் வேலை விட்டு வந்து சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி நேரம் வரக்கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், சந்தோஷம். எங்களுக்கு அது எப்போதோ வந்துவிட்டதே, அதை யார் திரும்பப் பெறுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் செய்தால் இரட்டைச் சம்பளம் என்பதுதான் நெடுங்காலச் சட்டம். அரை ஷிப்ட்டுக்கு நாங்கள் வாங்குவது அரை ஷிப்ட் சம்பளம். விருப்பப்பட்டவர்கள்தான் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், வாடகைக்கும் சீட்டுக்கும் அந்தக் காசு தேவைப்படுகிறது. ஒரு ஷிப்ட் காசில் இந்த ஊரில் இரண்டு பிள்ளைகளை வளர்க்க முடியாது. ஆனால் ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் முடியாது என்று சொன்னால் மூன்றாம் நாள் அவள் மிஷினில் வேறு ஆள் இருப்பார். என் நோட்டில் அவள் பெயருக்கு நேரே நான்தான் சிவப்பு மையில் ஒரு கோடு போடுகிறேன். இப்படி இருக்கையில் அதை விருப்பம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்குள் நடக்கிற வேலையின் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். 2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-ம் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் கணக்கு மட்டும். அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு இருபத்தாறு பேர். 299 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். எட்டரையிலிருந்து எட்டரை வரை பன்னிரண்டு மணி, போக வர ஒரு மணி, வீட்டில் ஐந்து மணி. மிச்சம் ஆறு மணி நேரம்தான். குளிப்பது, சாப்பிடுவது, பிள்ளையின் ஹோம்வொர்க் நோட்டைப் புரட்டுவது, தூங்குவது எல்லாம் அதற்குள். தண்ணீர் விடுகிற நாளில் அதுவும் கிடையாது. அஞ்சாறு நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீர், அது எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்குக் குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டால் எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனத்துப் பெண்களும் குடத்தோடு வெளியே நிற்போம்.

வீட்டு ஆண்கள் செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்யவேண்டும். என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். பத்து வருடம் சண்டை போட்ட பிறகு இப்போது ஞாயிற்றுக்கிழமைத் துணி அவர் பொறுப்பு, காலையில் பிள்ளைகளுக்குத் தலை வாரி விடுவதும் அவர்தான், பெண்ணுக்கு இரட்டைச் சடை நன்றாகவே பின்னுகிறார். எல்லா வீட்டிலும் இது நடக்க வேண்டும், அதற்கு நாங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறோம். ஆனால் உங்கள் ஒன்றரை அவரையும்தான் பிடித்து வைக்கிறது. இருவரும் ஒன்பது மணிக்குச் சோர்ந்து வந்து விழுகிற வீட்டில் யார் யாருக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது?

என் மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் நான்கு மணிக்கு மேல் விட்டுவிடும். வீட்டுச் சாவியை அவன் கழுத்தில் மாட்டி அனுப்புகிறேன். அந்தக் கயிறு எது தெரியுமா? டி-ஷர்ட்டுக்குப் பின்கழுத்தில் வைக்கிற டேப்பில் மிஞ்சிய துண்டு. நீல நிறம், வெளிநாட்டுக் கடைக்குப் போன ஸ்டைல். நானே மடித்துத் தைத்தது. ஒரு நாள் விளையாடும்போது சாவி எங்கேயோ விழுந்துவிட்டது. நான் அன்றைக்கு எட்டே முக்காலுக்கு வந்தேன். வாசற்படியில் பள்ளிப்பையைத் தலைக்கு வைத்து, வெறும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியதும் அவன் முதலில் சொன்னது, "அம்மா, சாவிய நான் வேணும்னு தொலைக்கல." பசிக்கிறது என்று சொல்லவில்லை. அன்றைக்குத்தான் இதை எழுதவேண்டும் என்று முடிவு செய்தேன்.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மாதம் அந்தக் காசு கையில் நிற்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறுவருடம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அந்தத் திட்டத்தைப் பிள்ளைகளுக்கான திட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அது எங்களுக்கானதும்கூட. திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். அதனால் எனக்குக் கிடைத்தது காலையில் அரை மணி நேரத் தூக்கம். நாலேகாலுக்கு எழுந்தவள் இப்போது நாலே முக்காலுக்கு எழுகிறேன். அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் காலையைத் தாங்க அரசாங்கம் கை கொடுத்ததே தவிர, சாயங்காலத்துக்கு ஆள் இல்லை. அங்கன்வாடி நான்கு மணிக்குள் முடிந்துவிடும். பள்ளிக்கூடமும் அப்படியே. நான்கு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் எங்கள் பிள்ளைகள் யார் பிள்ளைகள்? அந்த ஐந்து மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் கலெக்டருக்கோ மந்திரிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எங்கள் தளத்தில் வெட்டி வைத்த துணி அப்படியே கட்டிக் கிடந்தது. வாரத்துக்கு மூன்று ஷிப்ட்தான் வேலை இருந்தது. நூல் விலை ஏறும்போதும், பையர் ஒரு வாரம் முன்னால் அனுப்பு என்று சொல்லும்போதும், கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்பி லாபம் எல்லாம் கரையும்போதும் மேனேஜர் முகத்தை நான் பார்க்கிறேன். உங்களில் பலர் மிஷினில் உட்கார்ந்து, கட்டிங் டேபிளில் நின்று மேலே வந்தவர்கள் என்பதும் தெரியும். அதனால்தான் நம்பி எழுதுகிறேன்.

ஊர் முழுக்கச் சுற்றி வாருங்கள். அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு, எங்கே பார்த்தாலும் கேட்டில் ஒரு போர்டு: "டைலர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை." ஆள் கிடைக்கவில்லை என்று ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ஏஜென்ட் அனுப்புகிறீர்கள். வருகிறவர்களும் எங்களைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதே வேலம்பாளையத்தில் லைன் வீடுகளுக்குள் நடந்து போய்ப் பாருங்கள். திண்ணையில் மூட்டை மூட்டையாக பீஸைக் கொட்டி, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பிசிறு வெட்டும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பீஸுக்குச் சில்லறைக் காசு. அவர்களில் ஒருத்தி எனக்குக் கழுத்து வைக்கச் சொல்லிக்கொடுத்தவள். இந்த ஊரில் அவளைப் போல வேகமாகவும் சுத்தமாகவும் கழுத்து வைக்கிற இன்னொரு கையை நான் பார்த்ததில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நின்றுவிட்டாள். ஆறு வருடம் ஆகிறது. நீங்கள் போர்டு எழுதித் தேடுகிற டைலர் அவள்தான், முதலாளி. உங்கள் கேட்டிலிருந்து கால் மணி நேர நடையில் இருக்கிறாள்.

ஒரு கழுத்து டைலர் வராவிட்டால் லைனில் பின்னால் இருக்கிற ஆறு மிஷின் பீஸ் இல்லாமல் உட்காரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு ஒரு நாள் நட்டம் என்ன, இரண்டு ஆயாவுக்குச் சம்பளமும் பாலும் முட்டையும் பாயும் என்ன ஆகும் என்று கணக்குப் பிள்ளையை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரை ஷிப்ட் என்று நீங்கள் சம்பாதிப்பதாக நினைப்பதும் அப்படித்தான். என் நோட்டில் எழுதிவைக்கிறேன்: ஏழரை மணிக்கு மேல் தைத்த பீஸில்தான் ஆல்டர், அதாவது பிரித்துத் திருத்த வேண்டியது, அதிகம். அளவு கோணும், தையல் விடும், மறுநாள் காலையில் இரண்டு பேரை அதைப் பிரிக்க உட்காரவைக்கிறேன். விரலில் ஊசி ஏறுவதும் அந்த நேரத்தில்தான். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் புது ஊசி தருவோம். ரத்தம் வருகிற விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு, குனிந்து தரையில் ஊசித் துண்டைத் தேடுகிற பெண்ணை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! அவள் நெற்றி மேஜையில் இடிக்கும். தூக்கம்தான்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒன்றரையைச் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொல்லாதீர்கள். முந்தின நாள் மத்தியானத்துக்குள் சொல்லுங்கள். அவசரம் எப்போதாவது வரும், அதைப் புரிந்துகொள்வோம். தினமும் வருவதற்குப் பெயர் அவசரமில்லை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிற தாய் ஐந்தரைக்குப் போகிறேன் என்றால் போகட்டும். அவள் பெயருக்கு நேரே கோடு போடச் சொல்லி என்னிடம் நோட்டைக் கொடுக்காதீர்கள். இருக்கிறவர்களுக்குச் சட்டத்தில் உள்ள சம்பளத்தைக் கொடுங்கள். அப்படிக் கொடுக்க ஆரம்பித்தால், எத்தனை ஒன்றரை உண்மையிலேயே தேவை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த அறை. சின்னக் கம்பெனிகளால் தனியாக நடத்த முடியாது என்பது நியாயமான பேச்சு. பத்து மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவர் எங்கே போவார்? ஆனால் பொதுவாகச் சேர்ந்து நடத்தலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. சாயப்பட்டறைக் கழிவை ஒரு பட்டறை தனியாகச் சுத்திகரிக்க முடியாது என்றபோது பத்து இருபது பேர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினீர்கள். நொய்யல் ஆற்றுக்காக, கோர்ட் உத்தரவுக்காகச் செய்தீர்கள், கோடிக் கணக்கில் செலவானது. அதே மூளையைக் கொஞ்சம் இதற்கும் கொடுக்கக் கூடாதா? ஒரு தெருவுக்கு ஒன்று, ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தால் போதும். காலை எட்டேகாலுக்குத் திறந்து, அந்த வட்டாரத்தில் கடைசி லைன் முடிகிற வரை திறந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்து எழுத ஒரு பெரிய பாய். பிசிறு வெட்டுகிற அக்காக்களில் பிள்ளை வளர்த்த கை எத்தனையோ இருக்கிறது, அவர்களையே ஆயாவாகப் போடுங்கள், முறையான சம்பளத்தோடு.

எங்கள் அம்மா ஊரில் களை எடுக்கப் போவாள். என்னைத் தூக்கிக்கொண்டுதான் போவாள். வரப்பில் நிற்கிற வேப்பமரத்தில் பழைய சேலையைக் கட்டித் தொட்டில் போடுவாள். பிள்ளை அழுதால் நிறை முடிவதற்குள் யாராவது ஒருத்தி போய் ஆட்டிவிட்டு வருவாள், பண்ணைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். உங்களில் பலர் காட்டு வேலை பார்த்த அம்மாக்களின் பிள்ளைகள். உங்களையும் அப்படி ஒரு மரத்தில்தான் கட்டிப் போட்டிருப்பார்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நாங்கள் அந்தக் காட்டை விட்டு உங்கள் கம்பெனிக்குள் வந்தோம். வேலை நிழலில் கிடைத்தது, வாரம் தவறாமல் சனிக்கிழமை சம்பளம் கிடைத்தது. பிள்ளையைக் கட்டிப்போட ஒரு கிளை மட்டும் உள்ளே கிடைக்கவில்லை.

அந்த ஓவர்லாக் பெண் இந்த மாதத்தோடு நிற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். பாட்டிக்கு முடியவில்லையாம். கொஞ்சம் பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் கம்பெனியில் அந்த அறையின் சாவி எங்கேயும் தொலைந்துபோகவில்லை, நான் தினமும் பார்க்கிறேன். செக்யூரிட்டி ரூமில், உள்ளே நுழைந்ததும் இடது பக்கம், மூன்றாவது கொக்கியில் தொங்குகிறது.

இப்படிக்கு,
ஒரு லைன் சூப்பர்வைசர்,
திருப்பூர்.